திம்பம் இறக்கத்தில் அமுங்கிப்போன பிரேக்

வீட்டிலேயே பிரேக் ஏர் எடுத்தவர்கள், அதாவது பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றியவர்கள், எழுதுங்கள் என்றீர்கள். என் அனுபவம் இது.

எங்களிடம் இருப்பது 1996 மாடல் மஹிந்திரா ஜீப், ஃபோர் வீல் டிரைவ். போன சித்திரையில் சாம்ராஜ்நகர் போய்விட்டு அம்மாவோடு திம்பம் இறங்கினேன். 27 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது கியரில் போட்டு, பெடலை விட்டு விட்டு மிதித்து ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி நின்றது.

ஆறியதும் திரும்பியதால்தான் விஷயம் புரிந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 தர பிரேக் ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். ஆவி அமுங்கிவிடும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. 5 வருடமாக நான் ஆயில் மாற்றவில்லை.

அதனால் ஆயிலை மாற்றி ஏர் எடுக்க, மாட்டுக்கொட்டகை முன்னால் சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தினோம். ஒன்றை மறக்காதீர்கள். சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை, சக்கரத்தை அல்ல. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலே வண்டி உருளும். அதனால் தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் அடியில் கை விட வேண்டும். ஜாக்கியை நம்பவே கூடாது.

டிரம் பிரேக் என்றால் முதலில், உள்ளே டிரம்மை உரசி நிறுத்தும் ஷூவை அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் எத்தனை ஏர் எடுத்தாலும் பெடல் கீழேயே நிற்கும். சக்கரத்தில் ஏர் வெளியேறத் திறக்கும் நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவைத்து, ரிங் ஸ்பேனரால் மட்டும் திருப்புங்கள்.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நிப்பிளில் குளுக்கோஸ் டியூப் மாட்டி, அதன் நுனி பாட்டிலில் இருக்கும் புது ஆயிலில் மூழ்கியிருக்கும்படி வைத்தோம். அக்கா பையன் பெடலில், நான் கீழே.

"புடிச்சிருக்கறனுங்க மாமா" என்று அவன் சொன்ன பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஆயில் வந்தது, நடுவே குன்றிமணி அளவில் குமிழிகள். மூடிவிட்டு "விடு" என்பேன். ஒரு தடவை நான் மூடும் முன்பே காலை எடுத்துவிட்டான். டியூபில் இருந்தது சர்ரென்று உள்ளே திரும்பியது. அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தோம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரைத் தரை வரை மிதித்தால், உள்ளே துருப்பட்ட இடத்தில் உரசி ரப்பர் வாஷர் கிழியலாம்.

முடித்து ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடித்தோம், இறங்கவில்லை. வாசலிலேயே மெதுவாக நாலு தடவை நிறுத்திப் பார்த்த பிறகுதான் ரோட்டுக்கு எடுத்தேன்.

⁂

அண்ணா, நான் பொள்ளாச்சிங்க. எங்கள் வண்டியில் ஒருவர் தெரியாமல் பிரேக் ஆயிலுக்குப் பதில் பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிட்டார். ரப்பரெல்லாம் ஊதி, மாஸ்டர் சிலிண்டர் வாஷர் முதல் ஹோஸ் வரை மாற்ற வேண்டியதாகிவிட்டது. அப்புறம், எடுத்த பழைய ஆயிலை என்ன செய்தீர்கள்?

⁂

தம்பி, மூடி போட்ட கேனில் ஊற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன். விஷம் அது. கன்றுக்குட்டி நக்கும் இடத்திலோ கிணற்றடியிலோ ஒரு சொட்டு விழக்கூடாது. பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.