பறைப் பயிற்சியைத் தனியாக நடத்தச் சொல்லிவிட்டார், எங்கே தொடங்க?

பென்னாகரத்துப் பெண்:
எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஞாயிறுதோறும் பறைப் பயிற்சிக்கு உதவியாளராகப் போகிறேன். இந்த வாரம் ஆசிரியர் ஊரில் இல்லை, நீயே நடத்து என்கிறார். எட்டு வயதுப் பிள்ளையும் வருகிறது, அறுபது தாண்டிய பெரியவரும் வருகிறார். பறை பாதிப் பேருக்குத்தான் இருக்கிறது.

அரூர் அண்ணன்:
தங்கச்சி, முதலில் பறையைத் தொடவே விடாதே. வட்டமாக நிற்க வைத்து ‘தகதிமி’ என்று வாயால் சொல்லிக் கைதட்ட வை. இந்த நாலு தட்டு பிசகாமல் வந்ததும் ‘தகிட’, அதாவது மூன்று தட்டு. காலடி எல்லாம் அப்புறம். பாதிப் பேர் அடிக்கும்போது மீதிப் பேர் தட்டட்டும், பற்றாக்குறையே தெரியாது.

ஊத்தங்கரை:
குச்சியைக் கவனி. வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி. பிள்ளைகள் சிண்டை இறுக்கிப் பிடிப்பார்கள், மணிக்கட்டு வலிக்கும். இடதுகைப் பழக்கம் உள்ளவரை மாற்றச் சொல்லாதே (என்னைப் படுத்தினார்கள்!). தோல் பறை என்றால் தோல் விறைக்கத் தீயில் காய்ச்சுவதை நீயே செய்.

பென்னாகரத்துப் பெண்:
சரி அண்ணா. பெரியவர் தாளம் தப்பினால் எப்படித் திருத்துவது?

அரூர் அண்ணன்:
பெயர் சொல்லித் திருத்தாதே. எல்லாரையும் நிறுத்தி மறுபடி கைதட்டலில் இருந்து எடு. இடைவேளையில் அவருக்குத் தெரிந்த பழைய அடி ஏதாவது உண்டா என்று கேட்டுப் பார்.