மூச்சுக்குழாய் ஸ்லைடு: உட்கரு மூன்று வரிசை, ஆனால் ஓரடுக்கா?

கேள்வி (டி.எம்.எல்.டி. என்னும் மருத்துவ ஆய்வக டிப்ளமோ, முதலாண்டு மாணவி):
போன வாரம் ஸ்பாட்டர் தேர்வில் (வைத்திருப்பதைப் பார்த்து இன்னதென்று எழுதும் தேர்வு) மூச்சுக்குழாய் ஸ்லைடு வைத்தார்கள். உட்கருக்கள் மேலும் கீழுமாக மூன்று வரிசை தெரிந்தன. ‘கூட்டு எபிதீலியம்’, அதாவது உறுப்பின் பரப்பை மூடும் பல அடுக்குச் செல் படலம் என்று எழுதினேன். மார்க் போய்விட்டது. விடை ‘பொய்யடுக்கு’வாம், அதாவது பல அடுக்கு போலத் தெரியும் ஓரடுக்கு. கண்ணுக்கு அடுக்காகத் தெரிவதை ஓரடுக்கு என்று எப்படிச் சொல்வது?

பதில் 1:
மேல் விளிம்பில் குறுஇழைகளும், இடையிடையே கோப்பை வடிவச் செல்களும் இருந்தால் பொய்யடுக்கு. தேர்வுக்கு இது போதும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்):
தேர்வுக்குச் சரி, புரிந்துகொள்ளப் போதாது. 26 வருடம் திசு வெட்டியவன் நான். திசு பதித்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் வைத்து 4, 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்தில் சீவுவோம். அதில் ஒரு செல் முழுதாக அகப்படாது. ஒன்றின் தலை கிடைக்கும், இன்னொன்றின் இடுப்பு கிடைக்கும்.

திருவிழாக் கூட்டத்தில் பெரியவரும் குழந்தையும் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள், தலைகள்தான் ஒரே மட்டத்தில் இல்லை. மூச்சுக்குழாயிலும் அப்படித்தான். எல்லாச் செல்லும் அடித்தளச் சவ்வில் (செல்களுக்கு அடியில் உள்ள மெல்லிய படலம்) ஊன்றியிருக்கும். நெட்டைச் செல்கள் மேல்பரப்பை எட்டும், குட்டைச் செல்கள் எட்டாது. அதனால் உட்கருக்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும், வெட்டில் பல வரிசையாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பித்தப்பைத் துண்டை மெழுகில் சாய்வாகப் பதித்துவிட்டேன். ஒற்றை வரிசைத் தூண் செல்கள் நாலடுக்கு மாதிரி வந்தன. டாக்டர் ஸ்லைடைத் திருப்பி அனுப்பினார். மெழுகை உருக்கி, துண்டை நிமிர்த்தி மறுபடி வெட்டினேன். உட்கருக்கள் ஊதா நிறத்தில் ஒரே வரிசையாக நின்றன. அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

கேட்டவர்:
அப்படியானால் சிறுநீர்ப்பையும் பொய்யடுக்குதானா சார்?

பதில் 2:
இல்லைம்மா, அதைக் கூட்டு எபிதீலியத்தில்தான் சேர்ப்பார்கள். காலியாக இருக்கும்போது ஐந்தாறு அடுக்கு, மேலே குடை மாதிரி உப்பிய செல்கள். நிரம்பினால் தட்டையாகி இரண்டு மூன்று அடுக்காகத் தெரியும். அதற்குத்தான் மாறுநிலை எபிதீலியம் என்று பெயர்.

அப்புறம் ஒன்று. கூட்டு எபிதீலியத்துக்கு மேலடுக்கின் வடிவத்தை வைத்துத்தான் பெயர். உணவுக்குழாயில் அடிச்செல்கள் கனசதுரமாகத் தெரிந்தாலும் மேலே தட்டை, அதனால் அது கூட்டுத் தட்டை எபிதீலியம்.

ஸ்லைடு மறுபடி கையில் கிடைத்தால் மைக்ரோஸ்கோப்பின் 40 மடங்கு லென்ஸில் வைத்து, நுண்திருகை (காட்சியைத் தெளிவாக்கும் சின்னத் திருகு) மெல்லத் திருப்பிக்கொண்டே ஒரு நெட்டைச் செல்லின் அடியைத் தேடுங்கள். மெலிந்து வால் மாதிரி இறங்கி, சவ்வைத் தொடுவது தெரியும்.

கேட்டவர்:
நாளை லேப் இருக்கிறது சார். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.