ரேடியேட்டரில் காற்று: 'ப்ளீட்' பண்ணுவதற்குத் தமிழில் என்ன?

(மயூர் விஹாரிலிருந்து)

தில்லிக் கலைச்சொல் குழுவில் அனைவருக்கும் வணக்கம். ஒரு சொல் வேண்டும், நாளைக்குள்.

அக்கா இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறாள். குளிர்காலத்துக்கு அம்மாவும் அங்கேதான். பகலில் வீட்டில் அம்மா தனி. மாடியறை ரேடியேட்டர் (உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பலகை) அடியில் சுடுகிறதாம், மேலே ஜில்லென்று இருக்கிறதாம். உள்ளே காற்று சேர்ந்து வெந்நீரை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. உச்சியில் ஓரமாக இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் கொஞ்சம் திறந்தால் காற்று போய்விடும். அந்த ஊரில் இதற்கு 'ப்ளீட்' என்று பெயர், இரத்தம் வடிதலுக்கும் அதே சொல்தான். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்பதால், ஒரு தாளில் எழுதி ரேடியேட்டர் பக்கத்தில் ஒட்டச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ரேடியேட்டருக்குக் குருதி வடிக்கவும் என்றா எழுதுவது?

ரேடியேட்டருக்கே 'கதிர்வீச்சி' என்று ஓர் அகராதிச் சொல் கையில் இருக்கிறது. கதிர்வீச்சு என்றால் அம்மாவுக்குக் கல்பாக்கம்தான் ஞாபகம் வரும். பக்கத்திலேயே போகமாட்டார்.

(கரோல் பாக்கிலிருந்து)

'வளியகற்றல்' என்று வைக்கலாம். சுருக்கம், பெயர்ச்சொல், வேறு பொருள் மயக்கம் கிடையாது.

கதிர்வீச்சி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயர்தான் ரேடியேட்டர், அறைக்குள் அது தரும் சூட்டில் பெரும்பகுதி வெப்பச்சலனத்தால் வருவது. பலகையைத் தொட்ட காற்று சூடாகி மேலே போக, குளிர்ந்த காற்று கீழே வருகிறது. நம் பழைய சொல் 'தடவு' இருக்கிறதே? நெடுநல்வாடையில் வாடைக்காலத்து நெருப்புச் சட்டிக்கு அதுதான் பெயர்.

(மயூர் விஹாரிலிருந்து)

ஐயா, 'தடவு ஜில்லென்று இருந்தால்' என்று எழுதினால் அம்மா தைலத்தைத் தேடுவார்! இப்போது என் ஜன்னலுக்குக் கீழே காவலாளிகள் அங்கீட்டியை, அதாவது நெருப்புச் சட்டியை, சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். அதற்குத் தடவு பொருந்தும், எனக்கும் ஆசைதான். சுவரில் மாட்டிய இரும்புப் பலகைக்குக் 'கணப்பு' போதாதா? நெருப்பு இல்லாவிட்டாலும் கணகணப்பு இருக்கிறது.

வளியகற்றல் சரியான சொல்தான். ஆனால் கை என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. சைக்கிள் டயரில் நாம் காற்றைப் 'பிடுங்கி' விடுவோமே, அது எப்படி?

(முனிர்காவிலிருந்து)

தம்பி, சொல்லுக்கு முன்னால் நோயைப் பாருங்கள். முப்பது வருஷம் ஏசி பிளாண்ட்டில் தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன். மேலே ஜில், அடியில் சூடு என்றால் காற்று. அதுவே அடிப்பக்கம், நடுவில் ஜில், மேலே சூடு என்றால் காற்றைப் பிடுங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. இரும்பு துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகக் கீழே தங்கியிருக்கிறது. காந்தம் வைத்தால் ஒட்டும். இதை 'வண்டல்' என்று எழுதிவிடாதீர்கள், தஞ்சாவூர்க்காரர் சந்தோஷப்படுவார். எண்ணெய்க் குடத்தின் அடியில் தங்குமே மண்டி, அதுதான் சொல்.

மூன்றாவது ஒன்று உண்டு. காற்றும் இல்லை, மண்டியும் இல்லை, ஆனால் தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பாய்லரிலிருந்து தள்ளி இருக்கிற ரேடியேட்டர் மட்டும் முழுக்க ஆறிக் கிடக்கும். பம்ப்புக்குக் கிட்டத்தில் இருப்பது வெந்நீரையெல்லாம் குடித்துவிடுகிறது. இதற்கு நாம் சொல் தேடவே வேண்டாம். கடைமடை! தலைமடைக்காரன் வாய்க்காலைத் திறந்துவைத்தால் கடைமடை காயத்தான் செய்யும். ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் மூடி போட்ட ஒரு வால்வு இருக்கும். கிட்டத்தில் உள்ளவற்றைக் கொஞ்சம் இறுக்கினால் வெந்நீர் கடைசிவரை போகும். 'மடைத் திருகு' என்று வையுங்கள். 'முறை வைத்தல்' என்று யாராவது கிளம்புவீர்கள். அது ஆளுக்கு ஒரு நேரம், இங்கே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அளந்து. 'மடை திருத்தல்' சரியாக இருக்கும்.

ப்ளீடுக்கு ஊரில் டீசல் பம்ப்செட் மெக்கானிக்குகளைக் கேளுங்கள். 'ஏர் பிடிச்சிருக்கு, ஏர் எடுக்கணும்' என்பார்கள். நீங்கள் தேடுகிற இரண்டு வினையும் அதில் வந்துவிட்டது.

(கரோல் பாக்கிலிருந்து)

'காற்றெடுப்பு'. ஒப்புக்கொள்கிறேன். 'பிடுங்கல்' கலைச்சொல் பட்டியலில் வேண்டாம், 'இவன் பிடுங்கல் தாங்கவில்லை' என்பதுதான் முதலில் காதில் விழுகிறது. பாய்லரைக் கொதிகலன் ஆக்க வேண்டாமா?

(மயூர் விஹாரிலிருந்து)

அந்தத் தண்ணீர் கொதிப்பதே இல்லை ஐயா. எழுபது, எண்பது டிகிரி போனாலே அதிகம். குளிக்க வெந்நீர் போட்ட செப்புப் பாய்லர் அம்மாவுக்குத் தெரியும். பாய்லர் பாய்லராகவே இருக்கட்டும்.

பட்டியலுக்கு: காற்றுப் பிடித்தல், காற்றெடுப்பு, மண்டி, மடைத் திருகு, மடை திருத்தல். தாளில் மட்டும் நான் பிடிவாதமாக இப்படி எழுதினேன்:

'அம்மா, முதலில் ஹீட்டிங்கை நிறுத்து. கணப்பு ஆறட்டும், இல்லாவிட்டால் கை வெந்துவிடும். கீழே ஒரு டம்ளர், கையில் பழைய துணி. சாவியை இடப்பக்கம் கால் சுற்று திருப்பு, அதற்கு மேல் வேண்டாம். உஸ் என்று காத்து பிடுங்கிக்கொண்டு வரும். பயப்படாதே. தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் மூடிவிடு. பாய்லர் மூடியை மட்டும் தொடாதே.'

கடைசி வரி சட்டத்துக்காகவும்தான். அங்கே கேஸ் வேலையைக் கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்தான் செய்யலாம்.

(மயூர் விஹாரிலிருந்து, மறுநாள்)

அம்மா போன் செய்தார். காற்றைப் பிடுங்கியாயிற்று, கணப்பு உச்சிவரை சுடுகிறது. ஆனால் காற்று போன இடத்துக்குத் தண்ணீர் போனதில் பாய்லரின் அழுத்தமானி முள் 1 பாருக்கு (bar, அழுத்த அலகு) கீழே இறங்கிவிட்டதாம். ஆறிய நிலையில் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீரை உள்ளே விட பாய்லருக்கு அடியில் ஒரு வெள்ளிநிற வளைகுழாய் இருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைக்கலாம்? அவசரமில்லை, அக்கா ஆறு மணிக்கு வந்துவிடுவாள்.