புதுப்பிப்பு: அம்மாவின் நாக்குக் கட்டி, பயாப்ஸி முடிவு வந்துவிட்டது
அம்மாவின் நாக்கு ஓரத்தில் வலியில்லாத சிறு கட்டி என்று முன்பு எழுதியிருந்தேன். பயாப்ஸி முடிவு: கிரானுலார் செல் டியூமர். புற்றுநோய் இல்லை. அப்பாடா!

அபூர்வமானதுதான், வாயில் வந்தால் பெரும்பாலும் நாக்கில்தான் வரும். நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களிலிருந்து உருவாவதால் எஸ்-100 சோதனை (அத்தகைய செல்களில் உள்ள ஒரு புரதத்தைக் காட்டும் சோதனை) பாசிட்டிவ். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கட்டிக்கு மேலுள்ள சவ்வு பல சமயம் தடித்து உள்நோக்கி வளரும். மேலாக மட்டும் கிள்ளி எடுத்த துண்டு, மைக்ராஸ்கோப்பில் புற்றுநோய் போலவே தெரியக்கூடும். ஆழமாக எடுத்தால்தான் அடியிலுள்ள, துகள் துகளான பெரிய செல்கள் கண்ணில் படும். எங்கள் டாக்டர் கட்டியை முழுதாகவே எடுத்து அனுப்பினார், அவருக்கு நன்றி. உங்களில் யாருக்காவது பயாப்ஸி சொன்னால், எவ்வளவு ஆழம் எடுப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

தையல் ஆறிவிட்டது. திரும்ப வருவது அரிது, இருந்தாலும் செக்கப்பை விடப் போவதில்லை.