புதுப்பிப்பு: கோபன்ஹேகனிலிருந்து மால்மோ, ஒரே நாளில்

கோபன்ஹேகனில் தங்கும்போது ரயிலில் ஸ்வீடன் பக்கம் மால்மோவுக்குப் போய்வரலாமா என்று கேட்டிருந்தேனே, நானும் மனைவியும் போய் வந்துவிட்டோம். சுமார் 40 நிமிடப் பயணம்தான். முதலில் கடலடிச் சுரங்கம், பிறகு பெபர்ஹோல்ம் என்ற செயற்கைத் தீவு, அப்புறம் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் பாலம். கார்கள் மேல்தளத்தில், ரயில் கீழே. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கடல் விட்டுவிட்டுத் தெரியும்; எனக்கு ஊரைவிட அதுதான் பிடித்தது!

பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், ஹில்லி நிலையத்தில் போலீசார் ஏறிச் சோதிப்பதுண்டு. 190 மீட்டர் உயர டர்னிங் டோர்சோ குடியிருப்புக் கட்டடம் என்பதால் கீழிருந்தே அண்ணாந்து பார்த்தோம். அங்கே கடற்காற்று பலம். மனைவி லில்லா டோரி சதுக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஸ்வீடன் குரோனா மாற்றவில்லை, கார்டே போதும்.