எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தை இடிக்கப் போகிறார்கள், வழி சொல்லுங்கள்

மன்னார்குடிக்குத் தெற்கே சின்ன ஊர் எங்களுடையது. கடைத்தெருவில் இருக்கும் பழைய சமுதாயக் கூடத்தை இடித்துவிட்டு கான்கிரீட் மண்டபம் கட்ட முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் டெண்டர் என்கிறார்கள்.

கட்டடம் சுண்ணாம்புக் காரை. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிய தளம். முன்பக்கம் நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். 2018 கஜா புயலில் ஓடெல்லாம் பறந்தது, தளம் அசையவில்லை. அன்றிரவு பாதி ஊர் இதற்குள்தான் படுத்திருந்தது. அதன்பிறகு யாரோ சுவருக்கு சிமெண்ட் பூசினார்கள், வினையே அதுதான். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் இப்போது பூச்சு உப்பி உதிர்கிறது, வடமேற்கு மூலையில் ஒரு உத்திரத்தின் முனையும் மக்கிவிட்டது. இதைக் காட்டித்தான் 'ஆபத்தான கட்டடம்' என்கிறார்கள்.

கிராமசபையில் பேசினேன், ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன், ரசீது மட்டும் வந்தது. கட்டட ஆவணம் கேட்டு ஆர்டிஐ போட்டேன். 30 நாள் தாண்டிவிட்டது, பதிலில்லை. பார்க்க வந்த பொறியாளர் உள்ளே நுழையாமலேயே 'தேறாது' என்றார். (அவர் நின்ற திண்ணையும் இதே கட்டடம்தான்!)

கோயிலோ அரண்மனையோ இல்லாத இப்படியொரு பொதுக் கட்டடத்தை, 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டத்தின் கீழ், பாதுகாக்க வேண்டிய மரபுக் கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யாராவது விண்ணப்பித்திருக்கிறீர்களா, என்னென்ன ஆவணம் வைத்தீர்கள்?