கதாநாயகியை ஊருக்கு அனுப்பலாமா, வேண்டாமா?

ஈசூன்காரி: இளையர் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் பெண். அவள் தாத்தா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்து, இங்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரர்களின் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு, டிசம்பர் விடுமுறையில் மன்னார்குடிப் பக்கம் அவருடைய ஊருக்குப் போகிறாள். மூன்று வாரத்தில் தமிழ் அவளுக்கு வசப்படுகிறது. உங்கள் கருத்து?

நேவல்பேஸ் பேரன்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, மூன்று வாரத்தில் யாருக்குத் தமிழ் வரும்? பத்து வருடம் வகுப்பில் படித்துவிட்டு ஊருக்குப் போனேன். “நீ பேசறது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு” என்று சித்தப்பா மகன் சிரித்தான். அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. தாத்தா உழைத்தது, சண்டை போட்டது, சாமி கும்பிட்டது எல்லாம் இங்கேதானே? ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில்கூட முதலில் செம்பவாங்கில் மரத்தடியில் இருந்ததுதான். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது அந்தக் குடும்பங்கள் என்ன பாடுபட்டன? அதை எழுதாமல் விமானம் ஏறுவானேன்?

ஓய்வுபெற்ற டீச்சர்: தம்பி, இங்கே போய் எதைப் பார்ப்பாள்? அவர்கள் இருந்த குடியிருப்பே இல்லை. எங்கள் அத்தை வீட்டை ஊரில் இன்றைக்கும் ‘சிங்கப்பூரார் வீடு’ என்கிறார்கள். அலமாரியில் காலியான கோடாலித் தைலப் புட்டி. மூடியைத் திறந்தால் லேசாக வாசனை வரும். பழைய சிங்கப்பூரை நான் அங்கேதான் பார்த்தேன்.

நேவல்பேஸ் பேரன்: புட்டி சரி டீச்சர், அதற்காகவே போகலாம். ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் தமிழ் தடுமாறும் பிள்ளைதான் எப்போதும் குற்றவாளி. அவளை அழவைத்துத் திருத்துவார்கள். தாத்தா மட்டும் சுத்தத் தமிழா பேசினார்? என் தாத்தா சாகும்வரை கால்சட்டையை மலாய்க்காரர் மாதிரி ‘சிலுவார்’ என்றுதான் சொன்னார்.

ஈசூன்காரி: என் தாத்தாவும்தான்! அந்த அத்தியாயத்தை மாற்றிவிடுகிறேன். ஊரில் தாத்தாவின் தங்கை டிரங்குப் பெட்டியைத் திறந்து, “இது உன் தாத்தா சிலுவாரு” என்கிறாள். சுற்றி நிற்கும் யாருக்கும் புரியவில்லை. இவளுக்கு மட்டும் புரிகிறது. தமிழ் வசப்படுவதெல்லாம் வேண்டாம். பயணத்தை மட்டும் வெட்ட மாட்டேன்.

நேவல்பேஸ் பேரன்: அப்படியானால் டிக்கெட்டைத் திருச்சிக்குப் போடுங்கள் அக்கா. சென்னை வழியாகப் போனால் ஓர் அத்தியாயம் பஸ்ஸிலேயே போய்விடும்.